சரித்திர நாவலைப் படிக்கும் முறை



அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் நான் வசித்து வருகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்தால், மாலை வேளைகளில் பிள்ளைகள் கணக்கையும் கட்டுரையையும் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022ஆம் ஆண்டிலும் அதன் இரண்டாம் பாகம் 2023ஆம் ஆண்டிலும் வெளிவந்த பிறகு, அவர்கள் கொண்டுவரும் ஐயங்களின் வகையே மாறிவிட்டது. "ஐயா, நந்தினி உண்மையில் இருந்தாளா?" என்பது முதற் கேள்வி. "ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்?" என்பது இரண்டாவது. "படத்தில் ஒன்று இருக்கிறது, புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, பாடத்தில் ஒன்று இருக்கிறது. எதை நம்புவது?" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்வியை முன்னிட்டே இன்று உங்களுடன் பேச ஒப்புக்கொண்டேன். இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அன்று நான் நடந்துகொண்ட விதம் ஓர் ஆசிரியனுக்கு அழகன்று.

அது 1987ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியில் பட்டம் பெற்று, பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வில், பிற்காலச் சோழரைப் பற்றி ஒரு வினா கேட்டிருந்தேன். அந்த மாணவி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கையெழுத்து முத்துப் போன்றது. ஆனால் நந்தினி என்பாள் பழிவாங்கச் சூழ்ச்சி செய்ததனால் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் மாண்டான் என்று அதில் கண்டிருந்தது. நான் அந்த விடைக்குச் சுழியம் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையினால் 'கதை' என்று எழுதினேன். அத்துடன் நிற்கவில்லை. வகுப்பில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் எழுந்து நின்று கேட்டாள்: "சார், அருள்மொழிவர்மர் தமக்குக் கிடைக்கவிருந்த பட்டத்தைச் சிற்றப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார் என்று நீங்களே நேற்றுச் சொன்னீர்கள். அதுவும் அந்தக் கதையில்தான் வருகிறது. அது மட்டும் எப்படி உண்மையாயிற்று?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. "உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அவள் மறுபடி கை தூக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் எழுதியதை நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். என் அத்தை ஒருத்தி, கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கத்தரித்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு சேர்த்துக் காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்திருந்தாள். பதின்மூன்று வயதில், கோடை விடுமுறையில், அந்த ஐந்து பாகங்களையும் நான் படித்து முடித்தேன். வீராணத்து ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறானே, அந்த இடத்தில் தொடங்கிய மயக்கம் தெளிய வெகுகாலம் ஆயிற்று. ஆசிரியனானதும் அந்த மயக்கத்தை நினைத்து வெட்கப்பட்டேன் போலும். அந்த வெட்கத்தை ஒரு குழந்தையின் தலையில் இறக்கி வைத்தேன்.

அவள் கேட்ட கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும், சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையும் எடுத்துப் படிக்கலானேன். சாஸ்திரியாரின் நூல் 1935, 1937ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பண்டாரத்தாரின் முதற் பகுதி 1949இல் தமிழில் வந்தது. கல்கி தம் நாவலைத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டு. இப்படிப்பட்ட நூல்கள் வெளிவந்திராவிட்டால் நாவலே எழுந்திராது என்பதை அப்போது உணர்ந்தேன்.

நாம் உறுதியாக அறிந்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சுந்தர சோழருக்கு இரண்டு குமாரர்கள். மூத்தவன் ஆதித்த கரிகாலன்; பாண்டியன் தலை கொண்டவன் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்றவன். இளையவன் அருள்மொழிவர்மன், பின்னாளில் முதலாம் ராஜராஜன். ஆதித்தன் 969ஆம் ஆண்டை ஒட்டி இறந்தான். சுந்தர சோழருக்குப் பின் பட்டம் ஏறியவர் உத்தம சோழர். இவர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர், சுந்தர சோழருக்குத் தம்பி முறை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இவர் ஆண்டபின், 985இல் ராஜராஜன் அரசனானான்.

ஆதித்தனின் சாவைப் பற்றி இரண்டு சான்றுகள் பேசுகின்றன. ஒன்று செம்பு, மற்றொன்று கல்.

செம்பு நமக்கு அருகிலேயே கிடைத்தது. அம்பத்தூரில் அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் கடந்து திருவாலங்காடு என்னும் நிலையம் வரும். நிலையத்திலிருந்து ஊர் சில கிலோமீட்டர். காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடி நிழலில் இருந்து பாடிய தலம் அது. அந்தக் கோயிலைச் சேர்ந்த செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், தன் ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூர் என்னும் ஊரைக் கோயிலுக்கு அளித்த ஆணை அதில் உள்ளது. வடமொழிப் பகுதியில் சோழர் குலவரலாறு வருகிறது. ஆதித்தனைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அவன் வானுலகத்தைக் காணும் விருப்பத்தால் அங்குச் சென்றான் என்னும் பொருள்பட ஒரு புலவர் அழகாகப் பாடி முடித்துவிட்டார். அதன்பின், குடிகள் அருள்மொழியை அரசனாகுமாறு வேண்டியதும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை உள்ளவரையில் தான் அதை மனத்தாலும் விரும்பமாட்டேன் என்று அவன் மறுத்ததும் சொல்லப்படுகின்றன. என் மாணவி கேட்டாளே, விட்டுக்கொடுத்தது எப்படி உண்மையாயிற்று என்று. அதற்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் இந்த ஆதாரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. சாவு நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்டது அது. எழுதச் செய்தவன் அந்த அருள்மொழியின் மகன். தந்தையின் பெருமையைச் சொல்லும் இடத்தில் ஒரு மகனின் அவைப்புலவர் எப்படிப் பாடுவார் என்று நாம் ஊகிக்கலாம். செப்பேடு என்றாலே மெய், நாவல் என்றாலே பொய் என்று இருந்த என் எண்ணம் முதன்முதலாக ஆட்டம் கண்டது இங்கேதான்.

கல் வேறு விதமாகப் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 987ஆம் ஆண்டு அளவில், வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு உண்டு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் விடுத்த ஆணையை அது தெரிவிக்கிறது. கரிகால் சோழனைக் கொன்று துரோகிகளானவர்களின் நிலங்களும், அவர்களுடைய உற்றார் உறவினரின் நிலங்களும் பறிமுதல் செய்யப்படுகின்றன. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன் என்று பெயர்களும் வருகின்றன. வானுலகம் காணும் விருப்பம் என்ற பேச்சே இல்லை. கொலை என்றால் கொலை. சாசனப் புலவர் கவிதையால் மூடி வைத்ததை, நிலத்துக்குக் கணக்கு எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கணக்குப் பிள்ளைகளிடம் எனக்கு மதிப்பு உண்டானதும் அன்றிலிருந்துதான்.

இவ்வளவுதான் நாம் அறிந்தது. ஏன் கொன்றார்கள்? கல் சொல்லவில்லை. எங்கே? சொல்லவில்லை. ஏவியவர் உண்டா? சொல்லவில்லை. உத்தம சோழரின் ஆட்சி முழுவதும் ஏன் தண்டனை பற்றிய செய்தி இல்லை? அதற்கும் விடை இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். இரண்டு பேரும் அதே கல்லையும் அதே செம்பையும் வைத்துக்கொண்டு வாதாடியவர்கள்தாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. மேனாம்பேட்டுப் பையன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து, தன் வகுப்புத் தோழன் ஒருவனை, "உங்கள் ஆட்கள்தாமே இளவரசரைக் கொன்றவர்கள்" என்று மற்றப் பிள்ளைகள் ஏசுகிறார்கள் என்றான். பிரமாதிராயன் என்பது அரச அலுவலில் உயர்ந்த அந்தணர்க்குச் சோழர் வழங்கிய பட்டம். அதைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் பரப்பியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நான்கு பெயர்களுக்காக, இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவன் உணவு இடைவேளையில் தனியே உட்கார்ந்திருக்கிறான்! கல்வெட்டு சில மனிதர்களைக் குற்றவாளிகள் என்கிறது. ஒரு குலத்தை அன்று. உறவினரின் நிலத்தையும் பறித்தது அக்காலத்து அரசநீதி. அந்த நீதியை ஆயிரம் ஆண்டு நீட்டி, நம் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர எவருக்கும் உரிமை இல்லை. நான் அந்தப் பையனிடம், மறுநாள் தோழனையும் அழைத்து வரச் சொன்னேன். இருவரையும் வைத்துக்கொண்டு, கல்வெட்டின் செய்தியை வரி வரியாகச் சொன்னேன். நாவலையும் வரலாற்றையும் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது பரீட்சை மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று.

இனி நாவலாசிரியர் என்ன செய்தார் என்று பார்ப்போம். கல் மௌனமாய் இருக்கும் இடங்களே அவருக்கு உரிய நிலம். 'பஞ்சவன்' என்பது பாண்டியனுக்கு வழங்கும் பெயர். பாண்டியன் தலைகொண்ட இளவரசனைக் கொன்றவர்களில் ஒருவனுடைய பட்டத்திலேயே பாண்டியன் பெயர் இருக்கிறது! இந்த ஒரு சொல்லைக் கண்டதும் கதாசிரியரின் உள்ளம் துள்ளியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். இறந்த பாண்டியனுக்காகப் பழிவாங்கும் ஆபத்துதவிகள் என்னும் கூட்டம் நாவலில் வருகிறது. அது நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. நடந்திருக்க முடியாது என்பதற்கும் சான்று இல்லை. இந்த இடைவெளியில் நின்று எழுதுவது நாவலாசிரியரின் உரிமை. அறிந்த உண்மைக்கு மாறாக எழுதும்போதுதான் அவர் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கதாபாத்திரங்களையும் இவ்வாறே எடுத்துக்கொள்ளுங்கள். குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தப் பிரமராயர் ஆகியோர் சாசனங்களில் உறுதியாக வாழ்கிறவர்கள். பழுவேட்டரையர் என்னும் குறுநில மரபும் உண்மை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் முதலியோர் கல்கியின் உள்ளத்தில் பிறந்தவர்கள். வந்தியத்தேவன் இரண்டுக்கும் நடுவில் இருப்பவன். தஞ்சைப் பெரிய கோயிலில், குந்தவையாரின் கணவர் என்ற அளவில் அவன் பெயர் காணப்படுகிறது. அவன் குறும்பு செய்தானா, பொய் சொன்னானா, கண்ட இடத்தில் வாளை உருவினானா என்று கல் சொல்லவில்லை. ஓர் இளவரசியின் கணவன் என்னும் ஒற்றைக் குறிப்பிலிருந்து, தமிழ்நாட்டு வாலிபர்கள் மூன்று தலைமுறையாகத் தம்மையே அவனாக எண்ணிக்கொள்ளும்படி ஒருவனைப் படைத்தாரே, அது சாதாரணத் திறமை அன்று.

குறையும் இல்லாமலில்லை. நாவலின் முடிவில் உத்தம சோழரின் பிறப்பைப் பற்றி ஒரு திருப்பம் வருகிறது. படியாதவர்களுக்காக அதை வெளியிடாமல் விடுகிறேன். அருள்மொழியின் தியாகமும் குறையக்கூடாது, பட்டம் ஏறுகிறவரும் இழிந்தவராக இருக்கக்கூடாது என்னும் இரண்டு நெருக்கடிகளுக்கு நடுவில், ஆசிரியர் எளிய வழி ஒன்றைத் தேடிக்கொண்டார் என்பது என் தீர்ப்பு. சான்றுகளுக்கு அது பொருந்தவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அத்தனை பாகங்கள் கண்ணெதிரே வளர்ந்த ஒரு பாத்திரத்தின் தடுமாற்றத்துக்கு அது விடையாகவும் இல்லை. என் பேத்தி இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் திருப்பத்தில்தான் தனக்குக் கண்ணீர் வந்தது என்கிறாள். எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நமக்கு அண்மையிலுள்ள இன்னோர் இடத்தைச் சொல்கிறேன். படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் வென்றான் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. பின்னர் 642ஆம் ஆண்டு அளவில் வாதாபி நகரம் வீழ்ந்தது. படையை நடத்திய பரஞ்சோதியே பிறகு சிறுத்தொண்டரானார் என்பது பெரிய புராணத்தால் அறியப்படும் செய்தி. 'சிவகாமியின் சபதம்' இந்த எலும்புக்கூட்டின்மேல் கட்டிய உடல். ஆனால் ஆயனச் சிற்பியும் சிவகாமியும் கற்பனை. இரண்டு பேரரசுகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நடந்த போட்டியை, ஒரு நடனப் பெண்ணின் சபதமாகக் கல்கி மாற்றிவிட்டார்.

இதை வரலாற்று ஆசிரியர் ஒப்பமாட்டார். காதலுக்காக மட்டும் ஒரு பேரரசு படையெடுப்பதில்லை. யானைக்குத் தீனி வேண்டும், காலாளுக்குச் சோறு வேண்டும், வழிநெடுக நீர்நிலை வேண்டும். ஆயினும் இந்த நாவலை நான் 'பொன்னியின் செல்வ'னைக் காட்டிலும் உயர்வாகக் கருதுகிறேன். காரணம் அதன் காதல் நிறைவேறிய விதம் அன்று, நிறைவேறாத விதம். சபதம் நிறைவேறுகிறது. வாதாபி எரிகிறது. ஆனால் அத்தனை ஆண்டுகளில் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து, குழந்தைகளுக்குத் தந்தையாகிவிட்டார். திரும்பி வந்த சிவகாமிக்கு ஏகாம்பரநாதர் சந்நிதியைத் தவிர வேறு இடம் இல்லை. பழி தீர்ந்தது, அதற்கு விலையாக வாழ்வு போயிற்று. அவளுடைய பிடிவாதத்தில் விதைத்தது அவளுடைய தனிமையில் விளைகிறது. இங்கே கதாசிரியர் நம்மை ஏமாற்றவில்லை.

காதற் கதையை எடைபோட இது ஒரு நல்ல படிக்கல். நாயகனும் நாயகியும் சேர்கிறார்களா என்பது பெரிதன்று. அவர்களுக்கிடையே நிற்கும் தடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாத நாவல்களில் வரும் காதற் கதைகளை ஆசிரியர்கள் ஏளனம் செய்வது வழக்கம், நானும் செய்தவன்தான். ரமணிசந்திரன் அவர்களின் நாவல்களை என் மனைவி பல ஆண்டுகளாக விரும்பிப் படிப்பவள். ஒருநாள், "முடிவு முன்னமே தெரிந்த கதையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "வள்ளி திருமணம் நாடகத்துக்கு விடிய விடிய உட்காருகிறீர்களே, வள்ளி யாரை மணப்பாள் என்று தெரியாமலா உட்காருகிறீர்கள்?" என்றாள். அதன்பின் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

முடிவு இன்பமாய் இருக்கும் என்று உறுதி தருவது அந்த வகைக் கதையின் ஒப்பந்தம். அதில் குற்றம் இல்லை. ஆனால் எதிரே நின்று ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை நூற்றைம்பது பக்கம் இழுத்தால், அது பலவீனமான கதை. தடை அவரவர் குணத்திலிருந்தே எழுந்தால் அது வலுவான கதை. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813இல் வெளியிட்ட 'பெருமிதமும் தப்பெண்ணமும்' என்ற பொருளுடைய நாவலில், நாயகனின் செருக்கும் நாயகியின் அவசரத் தீர்ப்புமே தடை. வில்லன் எவனும் இல்லாவிட்டாலும் அவர்கள் பிரிந்துதான் இருப்பார்கள். இருவரும் தம்மைத் திருத்திக்கொண்ட பிறகே கதை முடிகிறது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது படிக்கப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மாணவியர்க்கும், முக்கியமாக மாணவர்க்கும், சொல்ல விரும்புகிறேன். நாயகன் கையை ஓங்குவதையும், வேண்டாம் என்ற பெண்ணைத் தொடர்ந்து செல்வதையும், அன்பின் மிகுதி என்று காட்டும் கதைகள் உள்ளன. நடை எவ்வளவு இனிமையாய் இருந்தாலும், அங்கே புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டு, இதே காரியத்தை நம் தெருவில் ஒருவன் நம் தங்கையிடம் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

சாண்டில்யன் அவர்களைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 'யவன ராணி', 'கடல் புறா' ஆகியவற்றை, என் வயதுக்காரர்கள் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்திருக்கிறோம். 'கடல் புறா'வின் நாயகனான கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப் பரணியால் அழியாப் புகழ் பெற்ற உண்மையான சேனாபதி. அவன் கடலோடித் திரிந்ததாக வரும் சாகசங்கள் கற்பனை. ஆனால் சோழர் கடல் கடந்து போரிட்டது கற்பனை அன்று. 1025ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திரன் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். மரக்கலம் எப்படித் திரும்பும், காற்றை எப்படிப் பிடிக்கும், முற்றுகை எப்படி உடையும் என்பவற்றைச் சாண்டில்யன் சொல்லும்போது, நாம் தளத்தின்மேல் நிற்பதுபோல் இருக்கும். பெண்களை வர்ணிக்கும் இடத்திலோ, கப்பல் நின்றுவிடும். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் அறிவும் துணிவும் உடையவர்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆயினும் பல பக்கங்களில் அவர்கள் பார்க்கப்படுவதற்காகவே நிற்கிறார்கள். கல்கியின் குந்தவை பழையாறையில் இருந்துகொண்டு ஒரு பேரரசையே யோசனையால் நடத்துகிறாள். பூங்குழலி நள்ளிரவில் தானே படகு வலித்துக் கடலைக் கடக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறுபாடு தானே தெரியும். ஒன்றைப் படிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். மறைத்து வைத்துப் படித்தவன் அப்படிச் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள்.

இந்த வகை நாவல் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காத்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட், 1814இல் 'வேவர்லி' என்னும் நாவலை வெளியிட்டார். வங்கத்தில் பங்கிம் சந்திரர் 1865இல் 'துர்கேச நந்தினி' எழுதினார். தமிழில், திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப் பிள்ளை, நாயக்கர் காலத்தை வைத்து எழுதிய 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் வெளிவந்தது. கல்கிக்குப் பின் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்தவர் பிரபஞ்சன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய 'வானம் வசப்படும்' 1995இல் அதே பரிசைப் பெற்றது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி அதில் நடமாடுகிறது. மன்னன் வீரவாளைவிட, ஒரு துபாசியின் தினப்படிக் கணக்கில் எத்தனை உயிர் இருக்கிறது என்பதைக் காண விரும்புகிறவர்கள் அதைப் படியுங்கள்.

மேனாம்பேட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கும் பழக்கம் எளியது. சரித்திர நாவலை முதல் தடவை படிக்கும்போது ஒன்றும் செய்யாதீர்கள், மூழ்கிப் படியுங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் பாதகமில்லை. இரண்டாம் தடவை, ஒரு தாளை நடுவில் கோடிட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சான்று உள்ளவற்றையும் மறுபக்கம் ஆசிரியர் படைத்தவற்றையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாதவற்றைக் கோட்டின்மேலேயே எழுதுங்கள். சில வாரங்களில் அந்தக் கோட்டின்மேல் எழுதியவைதாம் மிகுதியாக இருக்கும். அவற்றைத் தேடித்தான் நாங்கள் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருவாலங்காட்டுக்குப் போனோம். ஏழு பேர், இட்லிப் பொட்டலம், வெயில். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து செப்பேட்டின் கதையைச் சொன்னேன். முன்பு ஏச்சுக்கு ஆளான சிறுவனும் வந்திருந்தான். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் செம்பில் எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்கும், இல்லையா ஐயா? தெரிந்தேதான் அப்படி எழுதினாரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியையும் கோட்டின்மேல் எழுதிக்கொண்டோம்.

1987இல் என்னால் உட்கார வைக்கப்பட்ட மாணவி இப்போது ஐம்பதைக் கடந்திருப்பாள். எந்த ஊரில் இருக்கிறாளோ அறியேன். வானொலி எல்லா வீட்டுக்குள்ளும் செல்வது. ஒருவேளை அவளும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. பட்டத்தை விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. கொலையின் செய்தி உடையார்குடிக் கல்லில் இருக்கிறது. நந்தினி இரண்டிலும் இல்லை. உடையார்குடிக்குப் போக நினைத்தால், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து உண்டு. மழைக்காலம் முடிந்து மார்கழியில் போ; ஏரி நிறைந்திருக்கும். அந்த நீர்தான் 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது.